குடித்தால் ஒன்றுமில்லை, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து

2024 மே முதல் ஜூலைக்குள் வடகேரளத்தில் மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் மூளையைத் தாக்கும் அமீபா. அவற்றில் முக்கியமானது ‘நெய்க்லேரியா ஃபௌலெரி’. நாளிதழ்கள் ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று எழுதுவது இதைத்தான்.

பெயரைக் கேட்டுப் பயந்தவர்கள் பலரும் குடிநீரைத்தான் சந்தேகித்தார்கள். ஆனால் இந்தக் கிருமியைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யாது. அதற்கு வழி மூக்கு மட்டுமே. குதிக்கும்போதும் முங்கும்போதும் தண்ணீர் மூக்கின் உச்சிவரை ஏறுகிறது. வாசனையை உணரும் நரம்பு அங்கிருந்து சல்லடை போன்ற ஓர் எலும்பின் வழியே மூளைக்குப் போகிறது. அமீபாவும் அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறது. வெதுவெதுப்பான நன்னீர் இதற்குப் பிடித்த இடம். 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். கடல்நீரில் வாழாது. எனவே கோடையில் வற்றிச் சூடேறிய குளம், குளோரின் சரியாகப் போடாத நீச்சல்குளம் இரண்டிலும் கவனம் தேவை.

தண்ணீரில் இறங்கிய 1 முதல் 12 நாட்களுக்குள் தலைவலி, காய்ச்சல், வாந்தி வரும். பிறகு கழுத்து விறைக்கும், வலிப்பு வரும். சாதாரண மூளைக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும், சிக்கலே அதுதான். அறிகுறி தெரிந்து ஏறக்குறைய ஐந்தே நாளில் உயிர் போய்விடலாம். அமெரிக்காவில் 1962 முதல் 2024 வரை பதிவான 167 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர்தான்.

அதே ஜூலையில் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் பிழைத்தான். அவன் குளத்தில் குளித்ததை வீட்டார் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காலா அசார் நோய்க்கான மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகள் சீக்கிரமே தொடங்கப்பட்டன. என் பார்வையில் அந்த ஒரு தகவலும் மருந்துக்குச் சமம்.

அதன்பின் கேரளம் மூளைக்காய்ச்சல் நோயாளிகளிடம் அமீபாவைத் தேடிப் பார்க்கத் தொடங்கியது. நோயாளிகளின் எண்ணிக்கை கூடியது, இறப்பு விகிதம் குறைந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கணக்கில் மெதுவாகத் தாக்கும் அகந்தமீபா போன்ற வேறு இனங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே அமெரிக்கக் கணக்கோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது.

குளத்துக்கே போகாதவர்களுக்கும் ஒரு செய்தி. 2011இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதே நோயால் இறந்தார்கள். சைனஸுக்காக மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையே எடுத்துக்கொள்ளலாம். நீந்துகிறவர்களுக்கு மூக்கு கிளிப் கடைகளில் கிடைக்கிறது.