காலிலேயே தறி

வெயில் ஏறாத காலைப்பொழுதில் ஒரு முதிர்ந்த புளியமரத்தின் அடிமரத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பட்டை வெடிப்புகளின் மேல் சாம்பல் வெள்ளையாக மெல்லிய படலம் ஓடியிருக்கலாம். சிலந்தி வலை என்று கடந்துபோவோம். கறையான் என்று பயந்து மருந்தடிப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லையென்றால், அது எம்பியா என்னும் பூச்சி நெய்த வீடாக இருக்கக்கூடும்.

சிலந்திக்கு வயிற்றின் நுனியிலிருந்து நூல் வரும். பட்டுப்புழுவுக்கு வாயிலிருந்து வரும். எம்பியாவுக்கோ முன்னங்காலிலிருந்து! உடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். எறும்பைப் போல ஒல்லி. ஆனால் முன்பாதத்தின் ஒரு கணு மட்டும் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியதுபோல உப்பியிருக்கும். அதற்குள் ஏராளமான பட்டுச் சுரப்பிகள். ஒவ்வொன்றும் மயிர் போன்ற நுண்குழாயில் முடிகிறது. காலை ஒருமுறை வீசினால் பல இழைகள் சேர்ந்தே வெளிவரும். நம் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய இழைகள் அவை. தறியில் நாடா ஓடுவதுபோல இடமும் வலமும் தலைக்கு மேலுமாகக் கால்களை வீசி, தன்னைச் சுற்றிக் கூரை போட்டுக்கொள்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கும் இந்த நெசவு தெரியும்.

எறும்பும் பல்லியும் உலவும் பட்டையில் இந்தக் கூரைதான் அதன் காப்பு. மழைக்கும் அதுவே குடை. டிரினிடாட் தீவின் எம்பியா இனத்தை ஜானிஸ் எட்ஜர்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். மழைத்துளி பட்டதும் அதன் பட்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி வழவழப்பான தாள் போலாகின்றன. தண்ணீர் மேலே வழிந்தோடுகிறது.

கூரைக்கு அடியில் உள்ள குழாய் மிகக் குறுகலானது. ஆகவே ஆபத்து வந்தால் எம்பியா பின்னோக்கியே பாய்ந்து ஓடும். அதற்கென்றே பின்தொடைகள் பருத்திருக்கின்றன. பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. பல இனங்களில் ஆணுக்கு உண்டு. ஆனால் பின்னோக்கி ஓடும்போது அந்த இறக்கை குழாயின் சுவரில் சிக்காமல் துணிபோல மடங்கிக்கொள்ளும். பறக்க வேண்டுமென்றால் ஆண் பூச்சி இறக்கை நரம்புகளில் உடல்நீரை ஏற்றி விறைப்பாக்கிக்கொள்ளும். தாய் முட்டைகளைக் காவல் காக்கிறாள். குஞ்சு பொரித்த பிறகும் உடனிருக்கிறாள்.

உலகில் 400-க்கும் மேற்பட்ட எம்பியா இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவை உண்பது பாசி, மரத்தில் படரும் லைக்கன், பட்டையின் உலர்ந்த மேல்தோல், உதிர்ந்த சருகு ஆகியவற்றையே. உயிருள்ள மரத்தை அவை அரிப்பதில்லை. நாம்தான் பட்டையைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, ஆணியடித்து அந்த ஊரையே அழித்துவிடுகிறோம்.

மருந்துப்புட்டியைத் திறக்குமுன் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மண் உதிர்ந்தால் கறையான். நூல் ஒட்டினால் கையை எடுத்துவிடுங்கள். மறுநாள் வந்து பார்த்தால், கிழிந்த இடத்தை அவை நெய்து மூடியிருக்கும்.