டிரசீனா இலை நுனி ஏன் கருகுகிறது?

ஊத்தங்கரை வீட்டு வராந்தாவில் ஒரு டிரசீனா தொட்டி. தண்ணீருக்குக் குறையில்லை, ஆனாலும் இலை நுனி மட்டும் பழுப்பேறி, விரல் பட்டால் மொறமொறவென உதிர்கிறது. வெயிலைத் திட்டுவதற்கு முன் போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் பெரிய காரணம். மனிதருக்குப் பல்லில் கறை, டிரசீனாவுக்கு நுனியில்.

வேர் உறிஞ்சும் நீரோடு ஃபுளோரைடும் இலை நுனிவரை ஏறும். நீர் ஆவியாகிவிடும், அது தங்கிவிடும். சேரச் சேர அங்குள்ள செல்கள் சாகும். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தாலும் ஃபுளோரைடு போகாது, செறிவுதான் கூடும். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரம் வேண்டாம், அதிலும் ஃபுளோரைடு உண்டு. கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. குணம் தெரிவது புது இலையில்தான்.