மண்ணைத் திறந்த சிற்பி

யுத்தத்தில் மடிந்தவர்களுக்கு ஞாபகச் சின்னம் அமைப்பதென்றால் பீடத்தின்மேல் ஒரு வீரனையோ, ஓங்கிய ஸ்தூபியையோ நிறுத்துவதே வழக்கமாயிருக்க, 1981-ஆம் வருஷத்தில் யேல் சர்வகலாசாலையின் மாணவியாயிருந்த மாயா லின், எதையும் உயர எழுப்பாமல், மண்ணை வெட்டித் திறந்து அதன் ஓரத்தில் கல் பதிக்கலாமென்று ஒரு சித்திரம் வரைந்தார். வியத்நாம் யுத்தச் சின்னத்துக்காக, வரைந்தவர் பெயர் தெரியாமல் நடுவர்முன் வைக்கப்பட்ட 1,421 சித்திரங்களுள் அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

வாஷிங்டன் நகரத்துப் புல்வெளியில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 75 மீட்டர் நீளமுள்ள இரண்டு கருங்கற் சுவர்கள் விரிகோணமாய்ச் சந்திக்கின்றன. ஒன்று லிங்கன் மண்டபத்தையும் மற்றது வாஷிங்டன் ஸ்தூபியையும் நோக்கி நீளுகின்றன. ஓரங்களில் ஒரு சாண் உயரமே உள்ள சுவர் நடுவில் பத்தடியாவதால், அதையொட்டி நடப்பவர் படிப்படியாகப் பூமிக்குள் இறங்கி, தம் தலைக்கு மேலும் பெயர்கள் நிறைந்திருக்கக் காண்கிறார். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட அப்பெயர்கள் அகராதி வரிசையில் இல்லை. மரணமடைந்த காலக்கிரமப்படி, சுவர்கள் கூடும் மூலையில் தொடங்கி வலக்கோடி வரை சென்று, பின் இடக்கோடியிலிருந்து அதே மூலைக்குத் திரும்புகின்றன. ஆகவே முதலில் மடிந்தவரும் கடைசியில் மடிந்தவரும் அங்கே அண்டை அயலாகின்றனர். ஒரே தினத்தில் வீழ்ந்த தோழர்களும் பிரிக்கப்படாமல் இருக்கின்றனர். மாயா லினுடைய மேதையின் உச்சம் இந்த ஏற்பாடே என்பது என் அபிப்பிராயம். பெங்களூர்ப் பக்கத்திலிருந்து சென்ற அக்கல்லைக் கண்ணாடிபோல் மெருகேற்றியிருப்பதால், படிப்பவரின் முகமும் பெயர்களினூடே தெரிகிறது. கறுப்பு நிறம் அவமானத்தைக் குறிப்பதென்று பலத்த ஆட்சேபம் எழவே, 1984-இல் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையும் அருகில் வைக்கப்பட்டது. ஆனாலும் ஜனங்கள் விரலால் தடவி நிற்பது அந்தக் கல்லைத்தான்.

மண்ணையே சிற்பத்துக்குரிய திரவியமாகக் கொள்ளும் அந்த முறையை அவர் பின்னர் இயற்கைப் பக்கம் திருப்பினார். ஆன் ஆர்பரில் 1995-இல், ஸ்டோக்ஸ் அலை என்று பௌதிக சாஸ்திரிகள் கூறும் நீரலையின் வடிவத்தைப் புல்மேடுகளாக்கினார். நியூயார்க் ராஜ்யத்து ஸ்டார்ம் கிங் பூங்காவிலோ, சரளைக்கல் தோண்டிப் பாழான குழியை ஏழு வரிசைப் பச்சை அலைகளாக்கினார். இரண்டு அலைகளின் நடுவே இறங்கியவருக்கு அடுத்த வரிசையில் நடப்பவர் தெரிவதில்லை.

மறைந்துவரும் ஜீவராசிகளுக்கான ஞாபகச் சின்னமே தாம் செய்யும் கடைசிச் சின்னமென்று அறிவித்து அதிலும் ஈடுபட்டிருக்கும் அவர், 2021-இல் நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்கப் பூங்காவில் 49 பட்ட தேவதாரு மரங்களை நட்டு வைத்தார். நியூஜெர்சியின் கரையோரக் காடுகளில் கடல்நீர் உட்புகுந்து வேரடி மண்ணில் உப்பேற்றுவதால், இவ்வகை மரங்கள் நின்ற நிலையிலேயே கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருக்கின்றன.