கூத்துல சேலை கட்டினா கைதட்டு... தெருவுல கட்டினா கேலி! ஏன் இந்த ரெண்டு நியாயம்?

சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு தெருக்கூத்து ஆரம்பிக்கும். பகலில் வயல் வேலை பார்த்த ஓர் ஆண், அரிதாரம் பூசி, சவுரி வெச்சு, சேலை கட்டி பாஞ்சாலியாக வந்து நிற்பார். துகில் உரியும் கட்டத்தில் முன்வரிசைப் பாட்டிகள் கண்ணைத் துடைச்சுக்குவாங்க. 'ஆம்பள சேலை கட்டியிருக்கானே'னு யாரும் சிரிக்க மாட்டாங்க.

விடிஞ்சதும் அதே ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் கண்ணுக்கு மை தீட்டி, வளையல் போட்டு வந்து நின்றால்? விசில், கிண்டல், ஒளிச்சு எடுக்கிற வீடியோ. மாலைக்குள் அது ஊர் வாட்ஸ்அப் குரூப் முழுக்க சுத்தும்.

ராத்திரி கும்பிட்ட ஊர், காலையில் ஏன் கல்லெறியுது?

மூணு விஷயம்... மூணும் வேற வேற!

நம்ம ஊரில் பெரும்பாலான குழப்பம், மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருவது.

முதலாவது, பாலின அடையாளம். 'நான் ஆணா, பெண்ணா, ரெண்டும் இல்லாத வேறொன்றா?' என்று ஒருவர் மனசுக்குள் தன்னை உணர்வது. திருநங்கையும் திருநம்பியும் இங்கே வருவார்கள்.

இரண்டாவது, பாலின வெளிப்பாடு. உடை, முடி, நடை, பேச்சு வழியாக ஒருவர் வெளியில் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம். எதிர்பாலின உடை அணியும் 'க்ராஸ் டிரஸ்ஸிங்' இந்த வகை. சேலை கட்டிப் பார்க்க ஆசைப்படும் ஓர் ஆண், தன்னை முழுக்க ஆணாகவே உணரலாம். அவரைத் திருநங்கை என்று நாம் முடிவு பண்ண வேண்டியதில்லை. அதேபோல், ஒரு திருநங்கை சேலை கட்டுவது வேஷமும் இல்லை. அது அவருடைய சொந்த உடை.

மூன்றாவது, ஈர்ப்பு. யார் மேல் காதல் வருகிறது என்பது. உடையை வைத்து அதைக் கணிக்கவே முடியாது. க்ராஸ் டிரஸ் பண்ணுகிறவர்களில் மனைவி, குழந்தைகளோடு வாழ்பவர்களும் உண்டு.

இது ஃபாரின் பழக்கமா?

'இன்ஸ்டா பார்த்துக் கெட்டுப்போறாங்க' என்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்றின் பெயரே 'பேடு'. மகாபாரதத்தில் அர்ஜுனன் ஒரு வருஷம் பிருகன்னளையாக இருந்து, விராட நாட்டு இளவரசிக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்தான்.

நாடக மேடைக்கு வாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடம் முழுக்க சிறுவர்களுக்குத்தான். அதை 'ஸ்திரீ பார்ட்' என்பார்கள். சிவாஜி கணேசனே அப்படி சீதையாக நடித்தவர்தான். ஔவையார் வேடத்தில் நடித்துப் புகழ்பெற்ற டி.கே.சண்முகத்தின் பெயரோடு 'அவ்வை' கடைசிவரை ஒட்டிக்கொண்டது. சென்னையில் ஒரு முக்கியச் சாலைக்கே அவர் பெயர்தான். இந்தப் பக்கம் பார்த்தால், 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்!

இந்தியாவில் இதைக் குற்றமாக எழுதிவைத்தது ஆங்கிலேய அரசு. 1871-ல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் ஒரு பகுதி, அரசுப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட அரவானிகள் பெண் உடையில் பொதுவெளிக்கு வந்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்றது. வட இந்தியாவில் அதை நடைமுறைப்படுத்தவும் செய்தார்கள்.

கூவாகம் சொல்லும் சேதி

சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் வழியாகப் போனால் உளுந்தூர்பேட்டை. அதன் பக்கத்தில்தான் கூவாகம். பாரதப் போருக்கு முன் களப்பலியாக ஒப்புக்கொண்ட அரவான், சாவதற்குள் திருமணம் வேண்டும் என்று கேட்கிறான். கிருஷ்ணனே மோகினியாக வந்து அவனை மணக்கிறார். அந்த நினைவில் சித்திரைப் பௌர்ணமியையொட்டி, ஆயிரக்கணக்கான திருநங்கைகள் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுகிறார்கள். வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் சுற்றுப்பட்டு ஊர் ஆண்களும் உண்டு.

ஆனால், திருவிழா முடிந்ததும்? அதே திருநங்கைக்கு அதே மாவட்டத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம். கூத்தில் பாஞ்சாலியாக அழவைத்த கலைஞருக்கும் வேஷம் கலைத்த பிறகு கேலி தப்புவதில்லை. மேடையும் கோயிலும் நாம் கொடுக்கும் ஒருநாள் பர்மிஷன், அவ்வளவுதான். 'சாமிக்குன்னா சரி, கலைக்குன்னா சரி, உனக்காகன்னா தப்பு' என்பதுதான் நம்ம கணக்கு.

பேன்ட் ஓகே... பாவாடை ஏன் நாட் ஓகே?

பொண்ணு ஜீன்ஸ், சட்டை போட்டால் இப்போது பெரும்பாலான வீடுகளில் பிரச்னை இல்லை. அதுவும் சண்டை போட்டு வாங்கிய உரிமைதான். பையன் பாவாடை கட்டினால் மட்டும் ஏன் கோபம்? ஆண் மாதிரி இருப்பது 'உயர்வு', பெண் மாதிரி இருப்பது 'இறக்கம்' என்ற நினைப்பு நமக்குள் ஊறிக்கிடக்கிறது. 'பொம்பள மாதிரி அழாதடா' என்பது அதன் சின்ன வெர்ஷன். சேலை கட்டிய பையனைக் கேலி செய்யும்போது, உண்மையில் நாம் கேலி செய்வது பெண்மையைத்தான்.

சட்டமும் டாக்டர்களும் என்ன சொல்றாங்க?

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த 'நால்சா' தீர்ப்பு முக்கியமானது. தன் பாலினத்தை உடை, சொல், செயல், நடத்தை வழியாக வெளிப்படுத்துவது, அரசியல் சட்டம் 19(1)(அ) தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்று அது சொன்னது.

'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா சரியாகிடும்' என்று நினைக்கும் பெற்றோருக்கு: பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்ய வேண்டும் என 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்பாலின உடை அணிவதைத் தன் பழைய நோய்ப் பட்டியலில் வைத்திருந்த உலக சுகாதார நிறுவனம், 2022-ல் அமலுக்கு வந்த புதிய பட்டியலில் அதை நீக்கிவிட்டது. நோயே இல்லாததற்கு எதற்கு மருந்து?

உங்ககிட்ட ஒருத்தர் சொன்னா...

'மச்சான், ஒண்ணு சொல்லணும்... சிரிக்கக் கூடாது' என்று ஒரு ஃப்ரெண்ட் ஆரம்பிக்கலாம். பல வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவின் துப்பட்டாவை ரகசியமாகப் போட்டுப் பார்த்து, மடிச்சு வெச்ச ஆசையாக அது இருக்கலாம். அந்த நிமிஷம் நீங்கள் சிரித்தால், அவர் இனி யாரிடமும் சொல்லமாட்டார்.

பெரிய வசனம் தேவையில்லை. 'சரிடா, எங்கிட்ட சொன்னதுக்கு தேங்க்ஸ்' போதும். அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். போட்டோவை ஃபார்வேர்டு செய்யாதீர்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த ஃப்ரெண்ட் நீங்களாகவே இருந்தால்... முதலில், உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை. உடனே வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படிப்பு, வேலை, தங்க இடம் பத்திரமா என்று பார்த்து, நம்பிக்கையான ஒருவரிடம் ஆரம்பியுங்கள். முகம் தெரியாத ஆப் நண்பர்களுக்குப் படம் அனுப்பும் முன் யோசியுங்கள். 'வீட்டுக்கு அனுப்பிடுவேன்' என்று யாராவது பணம் கேட்டு மிரட்டினால், குற்றவாளி அவர்தான், நீங்கள் இல்லை. சைபர் க்ரைம் எண் 1930. மனசு ரொம்ப பாரமானால், 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அடுத்த திருவிழாவில் பாஞ்சாலி அழும்போது நம்ம ஊர் மறுபடி கண் கலங்கும். அந்த ஈரத்தில் கொஞ்சத்தை, மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கும் எடுத்துட்டுப் போனால் போதும்!