வீட்டுக்கு மிக் வெல்டிங் மெஷின் வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரில் இருக்கும் ஆம்பியரை மட்டும் பார்க்காதீங்க!

மொட்டை மாடிக்கு ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டு, துருப்பிடித்த கேட்டின் கீழ்ப்பட்டி, ஆடிக்கொண்டிருக்கும் இரும்பு மேசை. இந்த மாதிரி சின்ன வேலையோடு வெல்டிங் பட்டறைக்குப் போனால், "பெரிய வேலை கையில இருக்கு தம்பி, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்பார்கள். அன்று இரவே நாலு வீடியோ பார்த்துவிட்டு, "நாமளே ஒரு மெஷின் வாங்கிட்டா என்ன?" என்று தோன்றும்.

தாராளமாக வாங்கலாம். ஆனால் '250 ஆம்ப்' என்று மின்னும் ஸ்டிக்கரை நம்பி வாங்கிய மெஷின், வீட்டு பிளக்கில் மாட்டியதும் எம்சிபியை ட்ரிப் ஆக்கினால் காசு போச்சு. நடுத்தர விலை மெஷின் வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மிக் என்றால் என்ன?

ராடு வெல்டிங்கில் ராடு தீரத் தீர நிறுத்தி மாற்ற வேண்டும், கசடைத் தட்டி எடுக்க வேண்டும். மிக்கில் டார்ச் டிரிக்கரை அழுத்தினால் போதும், சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். உருகும் உலோகத்தில் காற்று படாமல் ஒரு வாயு மூடிக்கொள்ளும்.

1948-ல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிறுவனத்தில் அலுமினியத்துக்காக உருவான முறை இது. 1950-களில் மலிவான கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே இரும்பு வேலைக்குப் பரவலானது. நம் பட்டறைகளில் இதை 'சிஓ2 வெல்டிங்' என்றே சொல்வார்கள்.

எத்தனை ஆம்ப் தேவை?

இரும்பின் தடிமன்தான் இதை முடிவு செய்யும். 1 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 40 ஆம்ப் என்பது தோராயக் கணக்கு. கிரில், கேட் வேலைக்கு வரும் 16 கேஜ் ஸ்கொயர் டியூப் சுமார் 1.6 மி.மீ. இருக்கும். அதற்கு 65 ஆம்ப் போதும். 3 மி.மீ. ஆங்கிளுக்கு 120 ஆம்ப். அதாவது வீட்டு வேலையில் பெரும்பகுதி 60 முதல் 130 ஆம்பியருக்குள் முடிந்துவிடும்.

அப்படியென்றால் 200 ஆம்ப் மெஷின் எதற்கு? முழு வேகத்தில் ஓட்ட அல்ல, பாதி வேகத்தில் சூடாகாமல் ஓட்ட.

வீட்டு பிளக் தாங்குமா?

பலரும் கோட்டை விடும் இடம் இது. 100 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது வோல்ட்டேஜ் சுமார் 19 இருக்கும். பெருக்கினால் 1,900 வாட். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 2,200 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் இது 10 ஆம்ப். பவர் ஃபாக்டர் குறைந்த மெஷின் என்றால் 14 வரை போகும். ஏசி மாட்டும் 16 ஆம்ப் பிளக் இதைச் சமாளிக்கும்.

அதே மெஷினை 200 ஆம்பியரில் ஓட்டினால் சுவரிலிருந்து 25 முதல் 35 ஆம்ப் வரை இழுக்கும். வோல்ட்டேஜ் இறங்கும் மாலை நேரத்தில் இன்னும் கூடும். இதற்குத் தனி லைன், தடிமனான கேபிள், தனி எம்சிபி தேவை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் இதில் இறங்காதீர்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது தீயை நாமே கூப்பிடுவது போல.

இன்னொன்று: சொந்த வேலைக்குச் செய்வது வேறு, வீட்டு இணைப்பில் காசுக்குச் செய்து கொடுப்பது வேறு. மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவின்படி அது அங்கீகாரமற்ற பயன்பாடாகக் கருதப்படும்.

டியூட்டி சைக்கிள்: சிறிய எழுத்தில் இருக்கும் பெரிய விஷயம்

'200 ஆம்ப், 60%' என்றால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் மட்டுமே அந்த வேகத்தில் ஓட்டலாம். மீதி 4 நிமிடம் ஆற விட வேண்டும். ஆம்பியரைக் குறைத்தால் ஓய்வும் குறையும். 60% மெஷின் சுமார் 155 ஆம்பியரில் இடைவிடாமல் ஓடும். அதே 200 ஆம்ப், ஆனால் 30% என்றால் 110 ஆம்பியரில்தான் அப்படி ஓடும். ஸ்டிக்கர் ஒன்றுதான், உழைப்பு வேறு.

எந்த வெப்பநிலையில் அளந்தது என்றும் கேளுங்கள். ஐஇசி 60974-1 தரநிலையில் 40 டிகிரி செல்சியஸ்தான் அளவுகோல். 25 டிகிரியில் அளந்த 60 சதவீதம் நம் ஊர் மே மாதத்தில் நிற்காது.

கேஸா, கேஸ் இல்லாததா?

சிஓ2 மலிவு, ஆனால் பொறி அதிகம் தெறிக்கும். ஆர்கான் கலவையில் ஒட்டு அழகாக வரும், செலவு கூடும். இரண்டுக்கும் சிலிண்டர், ரெகுலேட்டர் தேவை. சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். மூடிய அறையில் வைக்காதீர்கள்.

சிலிண்டர் வேண்டாம் என்றால் ஃப்ளக்ஸ் கோர் கம்பி இருக்கிறது. மொட்டை மாடிக் காற்றில் கேஸ் பறந்துவிடும், இந்தக் கம்பி சமாளிக்கும். புகையும் கசடும் அதிகம் என்பதுதான் குறை. கேஸ் இல்லாத கம்பிக்கு டார்ச்சை நெகட்டிவில் மாட்ட வேண்டும், சாதாரணக் கம்பிக்கு பாசிட்டிவில். மாற்றி இணைக்கும் வசதி மெஷினில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. டார்ச் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டரா? நிரந்தரமாக இணைத்ததாக இருந்தால், டார்ச் போனால் தலைவலி.
2. 5 கிலோ கம்பிச் சுருள் பொருந்துமா? 1 கிலோ மட்டும் ஏற்கும் மெஷினில் கம்பிச் செலவு கூடும்.
3. 0.8 மி.மீ. கம்பிக்கான ரோலர் இருக்கிறதா? வீட்டு வேலைக்கு அந்த அளவே போதும்.
4. போர்டு போனால் நம் ஊரிலேயே சர்வீஸ் உண்டா?
5. ராடு வெல்டிங்கும் செய்யலாமா?

முடிந்தால் கடையிலேயே 1.6 மி.மீ. டியூபில் ஓட்டிப் பாருங்கள். குறைந்த ஆம்பியரில் ஓட்டை விழாமல் சீராக ஓடினால் நல்ல மெஷின்.

மொத்தக் காசையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட், தோல் கையுறை, கிரைண்டர், கிளாம்ப், கேஸ் எல்லாம் தனிச் செலவு.

உடம்பு முக்கியம்

ஆர்க் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் போட்டது போல எரியும். வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும் இதேதான். இந்த வேலைக்கு ஹெல்மெட் கண்ணாடி குறைந்தது 10-ம் எண் ஷேடில் இருக்கட்டும்.

ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சை நீக்காமல் ஒட்டினால், அந்தப் புகை அன்று இரவே குளிர் காய்ச்சலைக் கொடுக்கும். "பால் குடிச்சா சரியாயிடும்" என்பது வெறும் நம்பிக்கை. பூச்சை நீக்குவதும் காற்றோட்டமும்தான் தீர்வு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை ஒட்டவே ஒட்டாதீர்கள். அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும்.

கடைசியாக ஒன்று

மிக்கில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. வெளியே பார்க்க அழகான ஒட்டு, உள்ளே இரும்போடு சேராமல் மேலே படிந்து மட்டும் நிற்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதனால் முதலில் கழிவுத் துண்டுகளை ஒட்டி, வைஸில் மாட்டிச் சுத்தியலால் வளைத்துப் பாருங்கள். ஒட்டு பிளந்தால் இன்னும் பழக வேண்டும்.

பூந்தொட்டி ஸ்டாண்டு விழுந்தால் தொட்டி உடையும், அவ்வளவுதான். பால்கனிக் கைப்பிடி, மாடிப்படி, ஊஞ்சல் கொக்கி, பைக் சேஸிஸ் இவையெல்லாம் அப்படி இல்லை. கையில் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும், அந்த வேலைகளுக்குப் பட்டறை அண்ணன் சொல்லும் ஒரு வாரத்தைக் காத்திருந்துவிடுங்கள்.