நாற்பதில் எழுத்தறிதல்: எபிரேய மொழிக் கல்வி பற்றிச் சில சிந்தனைகள்

திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நம் துறையில் பயில வந்த மாணவர் ஒருவர், இசுலாமியத் தமிழிலக்கிய வகுப்பு முடிந்தபின், மஞ்சள் பையிலிருந்து பழைய நூலொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டை இல்லை; ஓரங்கள் பூச்சி அரித்திருந்தன. "எங்க நன்னி ஓதின கிதாபுங்க அய்யா. இதுல என்ன எழுதியிருக்குன்னு வீட்டுல இப்ப யாருக்கும் தெரியலை" என்றார்.

அஃது ஓர் அரபுத்தமிழ் நூல். எழுத்து அரபு, மொழி தமிழ். சிறுவயதில் பள்ளிவாசல் மதரஸாவில் குர்ஆன் ஓதி முடித்தவர் நாம். தமிழில் ஆய்வுப் பட்டமும் பெற்றவர். ஆயினும் நான்கு வரிகளைப் படிப்பதற்குள் மூன்று இடங்களில் இடறினோம். மாணவர் மரியாதை கருதிச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழும் தெரியும், அரபு எழுத்தும் தெரியும். இரண்டும் சேர்ந்த பக்கம் தெரியவில்லை. நாற்பதைக் கடந்த ஒருவர் இனி இதைக் கற்க இயலுமா, இதே நிலை வேறெவர்க்கேனும் நேர்ந்ததுண்டா என்று தேடத் தொடங்கியபோது நம் முன் வந்து நின்றது எபிரேய மொழிக் கல்வியின் வரலாறு.

யூதர் மொழியை நாம் ஏன் நாட வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அரசுகளின் செயல் வேறு, மொழியின் வரலாறு வேறு என்பதே நம் விடை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் எழுத்தராகிய ஜைத் இப்னு தாபித் அவர்களை யூதரின் எழுத்தைக் கற்றுவரப் பணித்தார்கள் என்றும், அவர் அரைத் திங்களுக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்தார் என்றும் திர்மிதி நூல் கூறும். ஜைத் அவர்கள் அன்று இளைஞர். நம் வினா நாற்பது வயதினரைப் பற்றியது.

அதற்கும் யூத மரபே ஒரு கதையை வைத்துள்ளது. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ரப்பி அகிவா நாற்பது வயது வரை எழுத்தறியாதவர் என்பர். ஒரு கிணற்றருகே கல்லொன்றில் குழி விழுந்திருக்கக் கண்டு, அதைக் குடைந்தது யார் என்று வினவினார். நாள்தோறும் விழும் நீரே என்றனர். மென்மையான நீர் வன்மையான கல்லைக் குடையுமாயின் கல்வி தம் நெஞ்சைக் குடையாதா என்று எண்ணிய அவர், தம் சிறு மகனோடு சிறுவர் ஆசிரியரிடம் சென்றமர்ந்தார். பலகையின் ஒரு முனையை மகனும் மறு முனையைத் தந்தையும் பிடித்துக்கொண்டு முதலெழுத்தைக் கற்றனராம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுப் பழகிய நமக்கு இக்கதை புதிது. கண்மாய் நிறைவதே அரிதாகிவிட்ட நம் கரிசல் காட்டில் நீர் கல்லைக் குடைவதைக் காண்பதும் அரிதுதான்!

அகிவா கற்ற எழுத்துகள் இருபத்திரண்டு. அனைத்தும் மெய்கள், வலமிருந்து இடமாக எழுதப்படுவன. அரபின் அலிஃப், பா, ஜீம், தால் என்பன இங்கே அலெஃப், பேத், கிமெல், தாலெத் என நிற்கும். உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் பின்னர் வந்தவை; 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை திபேரியாவில் வாழ்ந்த மரபுக்காவலர் அவற்றை நிலைப்படுத்தினர். நம் சிறுவர்க்கு ஸபர், ஜேர், பேஷ் உதவுவதுபோல இவை கற்போர்க்கு உதவும். ஆனால் வழிபாட்டில் ஓதப்பெறும் தோராச் சுருளில் (நாம் தவ்ராத் என்பது) இப்புள்ளிகள் இடப்படுவதில்லை. ஓதுபவர் முன்கூட்டியே உயிரொலியையும் இசையையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இதன் இடர் எளிதில் விளங்கும். நம் ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் தோன்றாது. 'மனனன' என்று கிடப்பதை 'மன்னன்' என்று படிப்பவர் கண்ணால் மட்டும் படிக்கவில்லை. தாம் முன்பே அறிந்த மொழியால் படிக்கிறார். மொழி அறியாதவருக்கு அந்த ஏடு வெறும் கீறல்.

இம்மொழியின் உயிர்நிலை மூவெழுத்து வேர். அரபு பயின்றோர் இதனைச் சொல்லாமலே அறிவர். 'ஸ-ல-ம' என்னும் வேரிலிருந்து நமக்கு ஸலாம், இஸ்லாம், முஸ்லிம் என்பன வருவதுபோல, எபிரேயத்தின் 'ஷ-ல-ம' வேரிலிருந்து ஷாலோம் என்னும் அமைதியும், ஷாலேம் என்னும் முழுமையும், ஷில்லேம் என்னும் கடன் தீர்த்தலும் பிறக்கும். 'க-த-ப' வேர் அரபில் கிதாபையும் மக்தபையும் தந்தது. எபிரேயத்தில் அவ்வேர் கடிதத்தை மிக்தாவ் ஆக்கியது. திருமண ஒப்பந்தத்தைக் கெத்துபா ஆக்கியது. அங்கே கடிதமாய் இருப்பது இங்கே பள்ளிக்கூடமாய் இருக்கிறது! இவ்வேர் இலக்கணத்தை எபிரேயத்தில் முதன்முதல் தெளிவுறக் கண்டவர் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் குர்துபாவில் வாழ்ந்த யஹூதா ஹய்யூஜ். அரபு இலக்கணியர் வகுத்த நெறியைத் தம் மொழிக்குப் பொருத்தியே அவர் கண்டார். தம் எபிரேய இலக்கணத்தை அரபிலேயே எழுதினார். வடமொழி இலக்கண நெறியைத் தமிழுக்குப் பொருத்த முயன்ற வீரசோழியத்தை எண்ணிக்கொள்ளலாம். ஆயினும் அங்கே இனமொழியிலிருந்து இனமொழிக்குப் போந்தமையால் சட்டை உடலுக்குப் பொருந்தியது. வீரசோழியத்திற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை என்பது நம் கருத்து.

இனி நம் நாட்டில் நிகழ்ந்ததைக் காண்போம். கொங்கணக் கரையில் மராத்தி பேசி வாழ்ந்த பெனே இசுரவேலர் எண்ணெய் ஆட்டும் தொழிலினர். சனிக்கிழமை செக்கை நிறுத்தியமையால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என அழைக்கப்பட்டனர். விருத்தசேதனம், ஓய்வுநாள், சில உணவு விலக்குகள் ஆகியவற்றோடு 'ஷெமா' என்னும் ஒரே ஒரு மன்றாட்டு மட்டும் அவர்தம் நாவில் எஞ்சியிருந்தது. எழுத்தும் நூலும் மறந்துபோயின. 1796இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் பம்பாயில் அவர்களின் முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டினார். கொச்சி யூதர் ஆசிரியராக வந்து ஓதக் கற்பித்தனர். பின்னர் 1832இல் ஜான் வில்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அவர்களுக்காக மராத்தியில் எபிரேய இலக்கணச் சுவடி ஒன்றை வெளியிட்டார். அவர் நோக்கம் மதமாற்றம். கற்றவர்களோ பெரும்பாலும் மதம் மாறவில்லை. பெற்ற மொழியைக் கொண்டு தம் வழிபாட்டு நூல்களையே திறந்தனர். ஜோசப் எசேக்கியேல் ராஜ்புர்கர் (1834–1905) பல மன்றாட்டு நூல்களை மராத்தியில் பெயர்த்தளித்தார். தொலைந்த எழுத்தை ஒரு சமூகம் சில தலைமுறைகளில் மீட்டுக்கொண்டமைக்கு இந்தியாவில் இதனினும் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை. அண்மைக் காலத்தில் மிசோரம், மணிப்பூர்ப் பகுதிகளின் பெனே மெனாசே மக்களும், ஆந்திரத்துக் குண்டூர்ப் பகுதியில் தெலுங்கு பேசும் பெனே எப்ராயிம் மக்களும் வளர்ந்த வயதில் அலெஃப், பேத் எழுதிப் பழகியவர்களே.

ஆசிரியர்களை அனுப்பிய கொச்சியின் கதை வேறு. 1568இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் மட்டாஞ்சேரியில் நிற்கிறது. ஆனால் 1950களில் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டமையால், கூட்டு வழிபாட்டிற்கு வேண்டிய பத்து ஆடவர் உள்ளூரில் சேர்வதில்லை. சென்ற இடத்தில் எபிரேயம் அன்றாட மொழியாயிற்று, மறந்தது மலையாளம். கொச்சி யூதப் பெண்டிர் குறிப்பேடுகளில் எழுதி வைத்துப் பாடிய மலையாளப் பாடல்களைப் பேரப் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. பேராசிரியர் ஸ்கறியா ஸக்கறியா போன்றோர் அப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தபின், இசுரேலில் வாழும் மூதாட்டியர் சிலர் கூடி அவற்றை மீண்டும் பாடினர். திருச்சுழி மாணவரின் நன்னியை நாம் நினைத்துக்கொண்டது இவ்விடத்தில்தான்.

நம் பக்கத்திலேயே எபிரேயம் பயில்வோர் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் உள்ள மதுரை அரசரடியில், 1969இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பழைய ஏற்பாட்டை மூலத்தில் கற்க விழைவோர் எபிரேயம் படிக்கின்றனர். அதற்கு முன்னர், 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், பசுமலையில் குருமடம் நடத்தியது. அருப்புக்கோட்டையிலும் மண்டபசாலையிலும் அதற்கு நிலையங்கள் இருந்தன. இன்னும் பின்னோக்கினால், 1740இல் வந்த பாப்பிரிசியுஸ் பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டுத் தமிழாக்கியமை தெரியவரும். அவர் 1791இல் மறைந்தார். அச்சுப் பணி 1796இல் நிறைவெய்தியது. தமிழுக்கும் எபிரேயத்திற்கும் அதனினும் பழைய உறவைத் தேடியவர் கால்டுவெல். சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த பொருள்களுள் 'துக்கி' எனப்பட்டது நம் 'தோகை'யே என்று 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் அவர் எடுத்துக்காட்டினார். அது மயிலா, வேறொரு பறவையா, குரங்கா என்று இன்றும் அறிஞர் வேறுபடுவதால், ஒரு சொல்லை வைத்து மாளிகை எழுப்ப நாம் விரும்பவில்லை.

யூதர் தம் நூல்களைப் பயிலும் முறையே நம்மை மிகவும் ஈர்த்தது. தல்மூது என்னும் பெருநூலின் பக்கம் ஒன்றைக் கண்டால் தமிழாசிரியர் எவர்க்கும் நெஞ்சு குளிரும். நடுவில் மூலம், ஒரு பக்கம் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷியின் உரை, மறுபக்கம் அவர் பேரரும் மாணவரும் எழுப்பிய தடைகளும் விடைகளும். 1520களில் வெனிசு நகரில் போம்பெர்க் அச்சிட்ட அமைப்பு இன்றும் மாறவில்லை. இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் ஒரே பக்கத்தில் நூற்பாவைச் சூழ்ந்து அமர்ந்து வழக்காடுவதாக எண்ணிப் பாருங்கள்! நம் மதரஸாக் கிதாபுகளின் ஓரத்தில் ஓடும் ஹாஷியாவும் இவ்வினத்தது.

இதனை அவர்கள் தனித்துப் படிப்பதில்லை. ஆசிரியர் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பதும் இல்லை. இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் மறுக்க, வாதிட்டே கற்கின்றனர். 'ஹவ்ரூத்தா' என்பது இதன் பெயர்; தோழமை என்பது பொருள். 1923இல் ரப்பி மேயிர் ஷாபிரோ, நாளுக்கு ஓர் ஏடாக 2,711 ஏடுகளையும் எல்லாரும் ஒருசேரப் படிக்கும் முறையைத் தொடங்கி வைத்தார். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள். பதினான்காம் சுற்று 2020 சனவரியில் தொடங்கியது. கடைக்காரரும் மருத்துவரும் வேலைக்குச் செல்லும் வழியில் அந்நாளைய ஏட்டைப் படிக்கின்றனர்.

எழுத்தே அறியாது வளர்ந்தவர்க்கு? 1920இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்னும் மெய்யியலார் வளர்ந்தோர்க்கெனக் கல்விக்கூடம் ஒன்றை அமைத்தார். படித்துப் பட்டம் பெற்றும் முன்னோர் நூலை மறந்திருந்த வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் வணிகர்களும் அங்கே மாணவராயினர். அவர்களுள் சிலரையே ஆசிரியராகவும் அமர்த்தினார். புறத்தே போனவர் தாம் போன வழியிலேயே திரும்பி வரட்டும் என்பது அவர் எண்ணம். நோயால் கை, கால், நா அனைத்தும் முடங்கிய நிலையிலும், 1929இல் இறக்கும்வரை மார்ட்டின் பூபரோடு சேர்ந்து வேத மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தார். 1933இல் பூபர் மீண்டும் திறந்த அக்கூடம் 1938இல் நாசிகளின் கொடுமையால் அழிந்தது. 1949இல் எருசலேமில் தோன்றிய 'உல்பான்' வகுப்புகள் வேறு தேவைக்கு எழுந்தவை. பல நாடுகளிலிருந்து வந்திறங்கிய பெரியவர்க்குக் கடைவீதியிலும் அலுவலகத்திலும் பேசும் எபிரேயத்தைச் சில மாதங்களில் கற்பிப்பன. பேச்சு மொழி வேண்டுவோர்க்கு உல்பான் நன்று. பாட்டி ஓதிய நூலைத் திறக்க விழைவோர்க்கு ரோசன்ஸ்வைக்கின் வழியே ஏற்றது என்போம்.

மூஸா இப்னு மைமூன் என நாம் அழைக்கும் மைமோனிதீசு 12ஆம் நூற்றாண்டில் தம் மெய்யியல் நூலை அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதினார். மங்களூரில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அவ்வாறே எழுதப்பட்டுக் கெய்ரோவின் பழந்தாள் அறையில் கிடைத்தன. அவர்கள் அரபைத் தம் மறையெழுத்தில் எழுதியதுபோல நாம் தமிழை நம் மறையெழுத்தில் எழுதினோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) காலத்தில் அவ்வெழுத்து எத்துணை வீறுடன் இருந்தது என்பதை நாம் அறிவோம். கெய்ரோவின் தாள்களைப் படிக்க இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆளுண்டு. திருச்சுழி மஞ்சள் பையில் இருந்ததைப் படிக்கத் திருச்சுழியில் ஆளில்லை.

எனவே வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப்பின் ஐந்து பேர் கூடுகிறோம். அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர், ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், பள்ளி ஆசிரியை, அந்த மாணவர், நாம். எழுத்தில் வல்லவர் நெசவாளர். பழந்தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் காண்பது நம் பங்கு. ஒருவர் படிக்க மற்றவர் மறுக்கிறோம். சென்ற வாரம் ஒரே சொல்லில் முக்கால் மணி நேரம் போயிற்று. 'பளம்' என்று நாம் சாதித்தோம். எழுத்தைக் காட்டி 'பலம்' என்று நிறுவினார் நெசவாளர். இதுவரை பதினொரு பக்கங்கள் முடிந்துள்ளன. நூல் நூற்றிருபது பக்கம்.