கால் கட்டைவிரலுக்கும் 'பிரஷர்' பார்க்கலாம்!

ஊசி இல்லை, கத்தி இல்லை. காலைக் காப்பாற்றும் சோதனை

ரெயில் நிலையப் படியில் பாதி ஏறியதும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. கொஞ்சம் நின்றால் சரியாகி விடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி வலி.

"வயசாச்சு, வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக் கொள்பவர்கள் ஏராளம். ஆனால் காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும் இப்படித்தான் வலிக்கும்!

மாரடைப்பை உண்டாக்கும் அதே கொழுப்புதான் இங்கேயும் படிகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களையும், சர்க்கரை வியாதிக்காரர்களையும் இது அதிகம் தாக்கும். முற்றினால் புண் ஆறாது, விரல் கறுக்கும். கடைசியில் காலையே எடுக்க நேரிடும்.

கணுக்கால் கணக்கு

கைக்கும் காலுக்கும் பிரஷரை ஒப்பிடும் முறை பற்றி அமெரிக்க டாக்டர் டிராவிஸ் வின்சர் 1950-லேயே எழுதினார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால், அடைப்பு என்று அர்த்தம்.

இதிலும் ஒரு சிக்கல்! நெடுநாள் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கணுக்கால் குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்து விடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. கருவி அதிகமாகக் காட்டும். "ஓட்டம் நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாந்து போக வேண்டியதுதான்.

விரல் காட்டிக் கொடுக்கும்

விரலின் சின்னக் குழாய்களில் பெரும்பாலும் இப்படிப் படிவதில்லை. அதனால்தான் கட்டைவிரல் சோதனை.

நோயாளியைப் படுக்க வைத்து, கட்டைவிரலின் அடியில் மோதிரம் போல ஒரு சின்னப் பட்டை சுற்றுவார்கள். விரல் நுனியில் ஒளி பாய்ச்சும் 'சென்சார்'. பட்டையில் காற்று ஏறியதும் நாடித் துடிப்பு மறையும். காற்றை மெதுவாக இறக்கும்போது துடிப்பு எந்த அளவில் திரும்புகிறதோ, அதுதான் விரலின் பிரஷர்.

உதாரணமாக ஒருவருக்குக் கையில் 140, கணுக்காலில் 168. வகுத்தால் 1.2. பார்வைக்கு நல்ல கால்! ஆனால் விரலில் 42தான். வகுத்தால் 0.3. இது 0.7-க்குக் கீழே போனாலே கோளாறு. விரல் பிரஷர் 30-க்கும் கீழே இறங்கினால் பெரிய ஆபத்து. புண் ஆறுவது கஷ்டம்.

முன்கூட்டியே தெரிந்தால் வழி உண்டு. புகையை விடுவது, டாக்டர் சொல்படி தினமும் நடப்பது, மாத்திரை. தேவைப்பட்டால் பலூன் சிகிச்சை, 'பைபாஸ்'. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

சர்க்கரை வியாதிக்காரர்களே! காலில் புண் ஆறவில்லையா? களிம்பு தடவி நாளைக் கடத்தாதீர்கள். "டாக்டர், விரல்ல பிரஷர் பார்க்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.